பாடசாலை பாண்டுக்கு உதவப் போகிறீர்களா? எந்த டியூபாவை எடுப்பது என்று பார்ப்போம்

தை பிறந்துவிட்டால் யாழ்ப்பாணத்தில் எந்தப் பாடசாலைப் பக்கம் போனாலும் பின்னேரத்தில் பாண்ட் சத்தம் கேட்கும். இல்ல மெய்வல்லுநர் போட்டி நெருங்குகிறது என்று அர்த்தம். ட்ரம்பெட்டுக்கும் கிளாரினெட்டுக்கும் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள். பாண்டின் அடிச் சுரத்தைத் தரும் பெரிய பித்தளை ஊதுவாத்தியமான டியூபாவுக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. உயர்தரம் முடித்த மாணவர் ஒருவர் விலகினால் அந்த இடத்துக்குத் தரம் எட்டில் படிக்கும் பிள்ளை ஒன்று வந்து நிற்கும். அப்போதுதான் பாண்ட் சேரிடமிருந்து பழைய மாணவர்களுக்கு அழைப்பு வரும்: "தம்பி, போட்டி முடியுமட்டும் வந்து பேஸ் வாசிச்சுத் தருவீரோ?"

அப்படி அழைப்பு வந்தவர்களுக்காகவும், ட்ரம்பெட்டோ, சிறிய டியூபா போல இருக்கும் யூபோனியமோ பழகிவிட்டு டியூபாவுக்கு மாற நினைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பக்கத்துக் கதிரையில் இருக்கும் பிள்ளைக்கு எந்த டியூபா உதவுமோ அதையே எடுங்கள். உங்கள் கைக்குப் பழகியது எது, பெரிய சத்தம் தருவது எது என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

படி 1: சேரிடம் கேட்க வேண்டியவை

எங்கே வாசிக்கப் போகிறோம், இருந்து வாசிப்பதா நடந்து வாசிப்பதா, பிள்ளைகளிடம் இப்போது என்ன டியூபா இருக்கிறது. இந்த மூன்றையும் கேளுங்கள். பிறகு டியூபாவுக்கான நோட்ஸ் தாளைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். தாளைப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

படி 2: நான்கு வகையில் நமக்கு வேண்டிய இரண்டு

டியூபாவுக்கு 1835இல் பெர்லினில் காப்புரிமை எடுத்தவர்கள் வில்ஹெல்ம் வீப்ரெக்ட், யோஹான் மோரிட்ஸ் என்ற இருவர். அந்த முதல் டியூபா எஃப் கீயில், அதாவது எஃப் சுரத்தை அடிப்படையாக வைத்து, ஐந்து வால்வுகளோடு (விரலால் அழுத்திக் குழாயின் நீளத்தைக் கூட்டும் பொறிகள்) இருந்தது. இன்று நான்கு கீகளில் டியூபா கிடைக்கிறது. பி பிளாட் டியூபாவின் குழாயை நீட்டிப் பிடித்தால் சுமார் 18 அடி வரும். சி டியூபா 16 அடி, ஈ பிளாட் 13 அடி, எஃப் 12 அடி. குழாய் நீள நீளச் சுரம் கீழே போகும்.

சி, எஃப் இரண்டும் பெரும்பாலும் சிம்பொனி இசைக்குழுக்களில் வாசிக்கப்படுபவை. பாடசாலை பாண்டுக்கு வேண்டியவை பி பிளாட்டும் ஈ பிளாட்டும்தான். ட்ரம்பெட், கிளாரினெட் போன்றவை பி பிளாட் வாத்தியங்கள் என்பதால் பாண்ட் இசையைப் பெரும்பாலும் பி பிளாட், ஈ பிளாட், எஃப், ஏ பிளாட் ஆகிய கீகளில்தான் எழுதுவார்கள். எல்லோரும் சுருதி சேர்க்கும் பி பிளாட் சுரத்தை எடுத்துப் பாருங்கள். பி பிளாட் டியூபாவிலும் ஈ பிளாட் டியூபாவிலும் ஒரு வால்வும் அழுத்தாமலே அது வந்துவிடும். சியிலும் எஃப்பிலும் முதல் வால்வை அழுத்த வேண்டும். அனுபவம் உள்ளவருக்கு இது பெரிய விஷயமில்லை. புதிதாகப் பழகுபவருக்கு ஒவ்வொரு வரியிலும் வித்தியாசம் தெரியும்.

அடுத்து அந்தத் தாளில் எந்தக் கிளெஃப் (எந்தக் கோட்டில் எந்தச் சுரம் என்று வரியின் தொடக்கத்தில் காட்டும் குறி) போட்டிருக்கிறது என்று பாருங்கள். பிரித்தானிய பிராஸ் பாண்ட் முறையில் அச்சான தாள்களில் டியூபாவுக்கும் ட்ரெபிள் கிளெஃப்தான் இருக்கும். ட்ரம்பெட் பழகியவருக்கு இது நல்ல வசதி, ஏனென்றால் விரல்கள் ட்ரம்பெட்டில் உள்ளபடியேதான். ஆனால் ஈ பிளாட் பேஸ், பி பிளாட் பேஸ் என்று தாள் தனித்தனியாக வரும். உங்கள் வாத்தியத்துக்கு உரிய தாளைத்தான் எடுக்க வேண்டும். கிளாரினெட், சக்ஸபோன் எல்லாம் சேர்ந்த பாண்டின் தாள்களில் பொதுவாக பேஸ் கிளெஃப் இருக்கும். எழுதிய சுரமே அப்படியே ஒலிக்கும்.

ஈ பிளாட் டியூபா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பேஸ் கிளெஃப் தாள் கையில் வந்தால் அதை ட்ரெபிள் கிளெஃப் என்று நினைத்துக்கொண்டு, தொடக்கத்தில் உள்ள பிளாட்டுகளில் (அரைச் சுரம் இறக்கும் குறிகள்) மூன்றைக் கழித்துவிட்டு வாசியுங்கள். மூன்று பிளாட் இருந்தால் ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டுதான் இருந்தால் ஒரு ஷார்ப் (அரைச் சுரம் ஏற்றும் குறி) ஆகிவிடும். இடையில் தனியாக வரும் ஷார்ப், பிளாட், நச்சுரல் குறிகளில் மட்டும் கவனம் தேவை.

படி 3: பிள்ளையிடம் இருப்பதே உங்களுக்கும்

புதிதாகப் பழகும் பிள்ளை தாளைப் பார்ப்பதைவிட உங்கள் விரலைத்தான் அதிகம் பார்க்கும். அதில் தப்பு ஒன்றும் இல்லை, நாங்கள் எல்லோரும் அப்படிப் பழகியவர்கள்தான். பிள்ளையிடம் பி பிளாட் இருக்க, நீங்கள் ஈ பிளாட்டோடு போய் உட்கார்ந்தால் என்ன நடக்கும்? பேஸ் கிளெஃப் கோடுகளுக்குக் கீழே உள்ள எஃப் சுரத்துக்குப் பிள்ளை ஒரு வால்வும் அழுத்தாது. நீங்கள் ஒன்றையும் மூன்றையும் அழுத்துவீர்கள். பிள்ளை தான்தான் பிழை விட்டேன் என்று நினைத்து நிறுத்திவிடும். எனவே ஒரே ஒரு பிள்ளைதான் வாசிக்கிறது, அதுவும் புதிது என்றால், அதே கீயில் ஒரு டியூபாவைத் தேடி எடுங்கள். களஞ்சிய அறையில் இல்லாவிட்டால் பக்கத்துப் பாடசாலையில் இரவல் கேட்டுப் பார்க்கலாம்.

பி பிளாட் வாசிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் ஏற்கெனவே இருந்து, ஓரளவு தைரியமாக வாசிக்கிறார்கள் என்றால் கதை வேறு. அப்போது நீங்கள் ஈ பிளாட்டை எடுத்து அதே வரியை ஒரு ஸ்தாயி மேலே வாசிக்கலாம். அடிச் சுரம் தெளிவாகும், பிள்ளைகளுக்கும் சுருதி பிடிக்க ஆதாரம் கிடைக்கும்.

சிறிய பிள்ளையிடம் ஈ பிளாட் இருந்தால் பி பிளாட் எடுத்துக் கீழே வாசிக்க ஆசை வரும். பிள்ளை வரியைப் பிடிக்கும்வரை அந்த ஆசையைத் தள்ளிவையுங்கள்.

படி 4: மூன்று வால்வா, நான்கா

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் வால்வு சுரத்தை ஒரு முழுச் சுரம் இறக்கும், இரண்டாவது அரைச் சுரம், மூன்றாவது ஒன்றரைச் சுரம். தனித்தனியாக அழுத்தும்போது கணக்குச் சரிவரும். ஒன்றையும் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் குழாய் தேவையான அளவுக்கு நீளாது, சுரம் கொஞ்சம் மேலே நிற்கும். மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இன்னும் மேலே போய்விடும். நான்காவது வால்வு இரண்டரைச் சுரம் இறக்குவது. ஒன்றும் மூன்றும் சேரும் இடத்தில் நான்கை அழுத்தலாம். மூன்றும் சேரும் இடத்தில் இரண்டையும் நான்கையும் அழுத்தலாம்.

பி பிளாட் டியூபாவில் இந்தச் சிக்கல் கோடுகளுக்குக் கீழே உள்ள சி, பி நச்சுரல் சுரங்களில் வரும். ஈ பிளாட்டில் எஃப், ஈ நச்சுரல் சுரங்களில் வரும். பி பிளாட் கீயில் உள்ள மார்ச் ஒன்றில் டியூபா பி பிளாட்டுக்கும் எஃப்புக்கும் இடையில்தான் மாறி மாறிப் போய்வரும். மூன்று வால்வு ஈ பிளாட் என்றால் அந்த எஃப் ஒவ்வொரு முறையும் சுருதி தப்பும். பி பிளாட் டியூபாவில் அதே எஃப் வால்வே இல்லாமல் வரும். ஆகவே மூன்று வால்வு வாத்தியங்கள்தான் இருக்கின்றன என்றால் நான் பி பிளாட்டைத்தான் சொல்வேன். நான்கு வால்வு ஈ பிளாட் கிடைத்தால் அது மிக நல்ல வாத்தியம், தயங்காமல் எடுங்கள்.

சில டியூபாக்களில் வால்வுகளின் பின்பக்கம் சிறிய மேலதிகக் குழாய்கள் சுற்றியிருக்கும். இலண்டனில் டேவிட் பிளெய்க்லி 1874இல் காப்புரிமை எடுத்த ஈடுசெய்யும் முறை அது. நான்காவது வால்வை மற்றவற்றோடு சேர்த்து அழுத்தும்போது காற்று அந்தக் குழாய்களையும் சுற்றிவந்து குறைந்த நீளத்தைச் சரிசெய்துவிடும். சுருதி நன்றாக நிற்கும், ஆனால் வாத்தியம் பாரம். சிறிய பிள்ளைக்குக் கொடுக்காமல் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: கதிரையா, மைதானமா

பரிசளிப்பு விழாவில் மண்டபத்துக்குள் இருந்து வாசிப்பதென்றால் சாதாரண டியூபா போதும். அதன் பெல், அதாவது புனல் வாய், மேலே பார்த்திருக்கும். சத்தம் கூரையில் பட்டுத் திரும்பி வரும். மண்டபம் சிறிது என்றால் முக்கால் அளவு டியூபாவே நிறைய.

திறந்த மைதானத்தில் மேலே பார்க்கும் பெல்லின் சத்தம் வானத்துக்குப் போய்விடும். விருந்தினர்களை வாசலில் இருந்து பந்தல்வரை பாண்ட் வாத்தியத்தோடு அழைத்துவருவது, அணிநடை, வடக்கின் பெரும் போர் போன்ற கிரிக்கெட் ஆட்டம், இவற்றுக்கெல்லாம் சூசபோன் இருந்தால் அதுதான் சரி. உடம்பைச் சுற்றி இடது தோளில் தங்கும், பெல் முன்னால் பார்க்கும். ஜோன் பிலிப் சூசாவின் யோசனைப்படி 1893இல் செய்த முதல் சூசபோனில் பெல் மேலே பார்த்துத்தான் இருந்தது. முன்னால் திருப்பியது பிறகு வந்த மாற்றம். பித்தளைச் சூசபோனைவிட ஃபைபர் கிளாஸில் செய்தது பாரம் குறைவு. வெயிலில் நடக்கும் பிள்ளைக்கு அதைக் கொடுத்துவிட்டுப் பித்தளையை நீங்கள் சுமக்கலாம். சூசபோன்கள் பெரும்பாலும் பி பிளாட்டில்தான் இருக்கும், விரல் மாறாது.

சூசபோன் இல்லாவிட்டால் சாதாரண டியூபாவை அகலமான தோள்பட்டியோடு நடந்து வாசிக்கலாம். ஒருமுறை முழுத்தூரமும் நடந்து பாருங்கள். மூச்சு இறைத்தால் பட்டியின் நீளத்தை மாற்றுங்கள்.

படி 6: களஞ்சிய அறையில் இருப்பதைப் பரிசோதித்தல்

நல்ல கீ, நான்கு வால்வு என்று எல்லாம் பொருந்தினாலும் காற்று கசிந்தால் பயனில்லை. வால்வை அழுத்தாமல் அந்த வால்வுக்குரிய ஸ்லைடை, அதாவது இழுத்து நீட்டக்கூடிய குழாய்த் துண்டை, வெளியே இழுங்கள். இரண்டு மூன்று நொடி விட்டு வால்வை அழுத்துங்கள். "டப்" என்று ஒரு சத்தம் வந்தால் வால்வு காற்றைப் பிடிக்கிறது. ஒன்றும் கேட்காவிட்டால் தேய்ந்திருக்கிறது. எல்லா வால்வுக்கும் இப்படிச் செய்யுங்கள்.

ஊதினால் காற்றே போகவில்லை என்றால் பயப்பட வேண்டாம். யாரோ கழற்றித் துடைத்துவிட்டு வால்வுகளை இடம் மாற்றிப் போட்டிருப்பார்கள். வால்விலேயே இலக்கம் வெட்டியிருக்கும், பார்த்து மாற்றுங்கள். இறுகிப்போன மவுத்பீஸை (உதட்டை வைத்து ஊதும் பகுதி) குறட்டால் திருகக் கூடாது, குழாய் முறுக்கிக்கொள்ளும். அதற்கென்று இழுவைக் கருவி இருக்கிறது. வால்வுக்கு வால்வ் ஒயில் மட்டும்தான். தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்து வால்வை இறுக்கிவிடும். ஸ்லைடுகளுக்கு வாசலின் பூசினால் போதும்.

கழுவும்போது ஒரு விஷயம். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. வெறும் கிணற்றுத் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட்டால் உள்ளே வெள்ளையாகப் படிந்துவிடும். கடைசி அலசலுக்கு மழைத் தண்ணீரோ வடிகட்டிய குடிதண்ணீரோ பாவியுங்கள். இளஞ்சூடு போதும், கொதிநீர் ஊற்றினால் மேல்பூச்சு போய்விடும்.

படி 7: மவுத்பீஸ்

முடிந்தால் உங்களுக்கென்று ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சுகாதாரத்துக்கும் நல்லது, உதட்டுக்கும் பழகும். பொருந்துகிறதா என்று பார்க்க மெதுவாகச் செருகுங்கள். ஒரு அங்குலம் அளவுக்கு உள்ளே போய், ஆடாமல் நிற்க வேண்டும். பழைய பிரித்தானிய ஈ பிளாட் டியூபாக்கள் சிலவற்றில் மவுத்பீஸ் செருகும் வாய் சிறியது. இப்போதைய மவுத்பீஸ் அரைவாசியில் நின்றுவிடும். அப்படி நின்றால் எல்லாச் சுரங்களும் சுருதி இறங்கும்.

படி 8: வெயிலில் சுருதி சேர்த்தல்

சூடேறினால் வாத்தியத்தின் சுருதி மேலே போகும். சங்கீத அறை நிழலில் சேர்த்த சுருதி, மத்தியான வெயிலில் மைதானத்துக்கு வந்ததும் செல்லாது. வாசிக்கும் இடத்திலேயே சில நிமிடம் ஊதிச் சூடாக்கிவிட்டு, பி பிளாட் சுரத்தில் சேருங்கள். மேலே நின்றால் பிரதான ஸ்லைடைக் கொஞ்சம் வெளியே இழுக்க வேண்டும். நிகழ்ச்சி தொடங்கும்வரை டியூபாவை மரநிழலில் வைத்திருங்கள்.

படி 9: பிள்ளையோடு சேர்ந்து வாசித்தல்

பிள்ளையின் சத்தம் உங்களுக்குக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்கள் அளவுக்கு மிஞ்சி ஊதுகிறீர்கள். பெரிய டியூபாவை மெதுவாக வாசிப்பது சிரமம் என்றால் சிறியதற்கு மாறுங்கள்.

டியூபாவுக்கு நிறைய மூச்சு வேண்டும். நீண்ட சுரத்தின் நடுவில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு எடுத்தால் பாண்டின் அடி திடீரென்று காணாமல் போகும். எனவே முதல் நாளே தாளில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு வசதியான இடங்களை முதலில் பிள்ளையே குறிக்கட்டும், அந்த இடங்களை விட்டு மற்ற இடங்களில் நீங்கள் எடுங்கள். பிள்ளை பலப்பட்டதும் குறிகளை அழித்து மாற்றி எழுதலாம். திரும்ப வாசிக்கும் பகுதிகளில் நீங்கள் முழுவதுமாக நிறுத்திவிட்டு, அடுத்த பகுதி தொடங்கும்போது சேர்ந்துகொள்ளலாம். எங்கே நிறுத்துவீர்கள் என்பதைப் பிள்ளைக்கும் சேருக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.