லெவல் டிரான்ஸ்லேட்டர் சிப்பும் ஒரு புல்-அப் ரெசிஸ்டரும்

1.8 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலரையும் 3.3 வோல்ட் மெமரி கார்டையும் இரு மின்னழுத்தங்களுக்கிடையே சிக்னலை மாற்றித்தரும் டிஎக்ஸ்பி0108 என்ற லெவல் டிரான்ஸ்லேட்டர் சிப் வழியாக இணைத்திருந்த என் மாதிரி போர்டில், கார்டு நான்கு நாட்களாகப் பதிலே தரவில்லை. சிப்பை மாற்றியும் கிளாக் வேகத்தைக் குறைத்தும் பயனில்லை.

ஆசிலோஸ்கோப்பில் நேர அளவை நன்றாக விரித்துப் பார்த்தபோதுதான், கார்டைத் தேர்ந்தெடுக்கப் பூஜ்யத்தில் நிற்க வேண்டிய சிப் செலக்ட் இணைப்பின் மின்னழுத்தம் ஒரு கணம் பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு, உடனே 1.5 வோல்ட்டுக்கு ஏறி அங்கேயே நிற்பதைக் கண்டேன். மீட்டரில் இந்தச் சிறு பள்ளம் தெரியவே தெரியாது. இந்த டிரான்ஸ்லேட்டர் சிப், சிக்னல் மாறும் சில நானோ விநாடிகள் மட்டுமே வலுவாக இழுக்கும். பிறகு ஏறத்தாழ 4 கிலோ ஓம் வழியாகத்தான் அந்த நிலையைப் பிடித்துவைக்கும். கார்டுப் பக்கம் நான் வைத்திருந்த 4.7 கிலோ ஓம் புல்-அப் (இணைப்பை 3.3 வோல்ட்டை நோக்கி இழுக்கும் ரெசிஸ்டர்) அதை எதிர்த்து மேலே இழுத்திருக்கிறது. சிப்பின் டேட்டாஷீட் கேட்பதோ 50 கிலோ ஓமுக்கு மேல். 100 கிலோ ஓம் வைத்ததும் கார்டு முதல் முயற்சியிலேயே பதிலளித்தது, பெரும் நிம்மதி.