பூவைத் தட்டையாகக் காயவைத்துப் பாடம் செய்வது எப்படி? எடையைவிடத் தாளைக் கவனியுங்கள்

புத்தகத்துக்கு நடுவில் ஒரு பூவை வைத்து மூடி, மேலே கனமான நாலு புத்தகங்களை அடுக்கிவிட்டு மறந்துவிட்டால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆசையாக வைத்த வெள்ளை ரோஜாவை மூன்று வாரம் கழித்துத் திறந்து பார்த்தால் பழுப்பேறிக் கிடந்தது. ஓரத்தில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. புத்தகத்தின் இரண்டு பக்கங்களில் கறை. மனசு ரொம்பவே கஷ்டப்பட்டது.

எடை பூவைத் தட்டையாக வைத்திருக்கும், அவ்வளவுதான். பூவைக் காயவைப்பது தாள். பூவுக்குள் இருக்கும் நீர் எவ்வளவு சீக்கிரம் வெளியேறுகிறதோ அவ்வளவு நிறம் தங்கும். இதை மனசில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லும் ஒவ்வொன்றும் எதற்காக என்று தானாகவே புரியும்.

தேவையானவை

வழவழப்பு இல்லாத வெள்ளைத் தாள், அட்டை, எடைக்குப் புத்தகங்கள், சாமணம், மெல்லிய தூரிகை. மை ஒற்றும் தாள் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. பத்திரிகைகளின் பளபளப்புத் தாள் நீரை உறிஞ்சாது, வேண்டாம். டிஷ்யூ பேப்பரில் புள்ளி புள்ளியாக அச்சு இருந்தால் அது அப்படியே இதழில் பதிந்துவிடும். பழைய செய்தித்தாளை வெளி அடுக்காக வைக்கலாம். பூவின் மேல் நேராகப் படக் கூடாது, மை ஒட்டும்.

எந்தப் பூ?

முதல் முயற்சிக்கு என் தேர்வு காகிதப்பூதான். அதில் நாம் இதழ் என்று நினைப்பது உண்மையில் நிறம் மாறிய இலை. அதில் நீர் குறைவு, சீக்கிரம் காயும், நிறமும் நன்றாக நிற்கும். பேன்சி, காஸ்மாஸ், வெர்பினா, ஓரடுக்குச் சங்குப்பூ எல்லாம் அடுத்த கட்டம். கூடவே இரண்டு பெரணி இலைகளையும் வையுங்கள், அவை ஏமாற்றாது.

ரோஜா, சாமந்தி மாதிரி தடித்த பூக்களை முழுதாக வைக்க வேண்டாம். இதழ்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காயவைத்து, பிறகு தாளில் பூ வடிவமாக அடுக்கிக்கொள்ளலாம். செம்பருத்தி இதழ் மெல்லியதுதான், ஆனால் அதன் வழவழப்பு தாளோடு ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் கை பழகிய பிறகு முயன்று பாருங்கள்.

நிறத்தைப் பொறுத்தவரை மஞ்சளும் ஆரஞ்சும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அடர் சிவப்பு கறுத்துப்போகும். வெள்ளை பழுப்பாகும் வாய்ப்பு அதிகம். என் ரோஜாவுக்கு நேர்ந்தது அதுதான்.

பறிப்பதும் அடுக்குவதும்

காலையில் பனி ஈரம் காய்ந்த பிறகு, அப்போதுதான் விரிந்த பூவாகப் பார்த்துப் பறியுங்கள். பறித்ததும் வைத்துவிட வேண்டும். வாடின பூவில் விழுந்த சுருக்கம் அப்படியே தங்கிவிடும், பிறகு எந்த எடையாலும் அதை நீக்க முடியாது.

அடுக்குவதில்தான் நிதானம் வேண்டும். ஒரு பேன்சியை எடுத்துக்கொள்ளுங்கள். காம்பைப் பூவின் அடியோடு ஒட்ட வெட்டி, முகம் கீழே இருக்கும்படி தாளில் கவிழ்த்து வையுங்கள். நடுப்பகுதியைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்துங்கள். மடங்கியிருக்கும் இதழைத் தூரிகை நுனியால் தள்ளி விரித்துவிடுங்கள். ஒரு பூவின் இதழ் பக்கத்துப் பூவின் மேல் ஏறினால், ஏறின இடம் தாமதமாகக் காய்ந்து கறுப்புக் கோடாக நிற்கும்.

ஒரே தாளில் ஒரே தடிமன் உள்ள பூக்களை மட்டும் வையுங்கள். தடித்த பூ பக்கத்தில் இருந்தால் எடை முழுவதையும் அதுவே தாங்கிக்கொள்ளும்; மெல்லிய பூவின் மேல் அழுத்தமே விழாமல் அது சுருண்டுவிடும். பலருடைய பூக்கள் சுருங்கிப்போவதற்கு இதுதான் காரணம் என்பது என் அனுபவம்.

சரி, இப்போது அடுக்கு: அட்டை, இரண்டு தாள், பூ, இரண்டு தாள், மறுபடியும் அட்டை. எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் ஏற்றலாம். மேலே புத்தகங்கள். காற்றோட்டமான, வெயில் படாத இடம்.

தாள் மாற்றுவது

முதல் 24 மணி நேரத்தில்தான் நீர் அதிகமாக வெளியேறும். அதனால் மறுநாளே திறந்து தாளை மாற்றுங்கள். பூ துவண்டு போயிருக்கும்; விரலால் தூக்கினால் கிழியும். புதுத் தாளை மேலே வைத்து, எல்லாவற்றையும் சேர்த்துத் திருப்பி, பழைய தாளை மெதுவாக உரியுங்கள். இதழ் ஒட்டிக்கொண்டு வந்தால் உள் தாளை அப்படியே விட்டு, வெளித் தாளை மட்டும் மாற்றினால் போதும்.

மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், அப்புறம் வாரத்துக்கு ஒருமுறை. மொத்தம் இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க, பூவை மெதுவாக உதட்டின் மேல் வையுங்கள். ஜில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அப்பளம் போல விறைப்பாக நின்றால் தயார்.

அவசரத்துக்கு

இஸ்திரிப் பெட்டியில் நீராவியை நிறுத்தி, குறைந்த சூட்டில், தாள்களுக்கு நடுவில் இருக்கும் பூவின் மேல் 10 முதல் 15 வினாடி வைத்து எடுங்கள். இழுத்துத் தேய்க்கக் கூடாது. ஆறவிட்டு மறுபடியும் வையுங்கள். சீக்கிரம் காய்வதால் நிறம் சில சமயம் புத்தக முறையைவிடவே நன்றாக வரும்.

காய்ந்த பிறகு

ஒட்டுவதற்கு வெள்ளைப் பசையைப் பல்குத்தியால் இரண்டு மூன்று இடத்தில் தொட்டு வைத்தால் போதும். பசை அதிகமானால் அதன் ஈரத்திலேயே இதழ் சுருங்கும். கண்ணாடிச் சட்டம் போட்டால் வெயில் விழாத சுவரில் மாட்டுங்கள், ஏனென்றால் நிறத்தை அழிப்பது வெளிச்சம்தான்.

16ஆம் நூற்றாண்டில் இத்தாலியத் தாவரவியலாளர் லூக்கா கினி செடிகளை இப்படிக் காயவைத்துத் தாளில் ஒட்டிப் பாடம் நடத்தினார். அவருடைய மாணவர் உலிஸ்ஸே அல்ட்ரோவாண்டி சேர்த்த தாள்கள் இன்றும் பொலோன்யா நகரில் இருக்கின்றன. ஈரமும் வெளிச்சமும் பூச்சியும் அண்டாமல் பார்த்துக்கொண்டால், நீங்கள் இன்று வைக்கும் பூவும் உங்கள் பேரப்பிள்ளைகள் கைக்குப் போகும்.

மீதமுள்ள பூக்களை மெல்லிய தாள் உறையில் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். உறையின் மேல் பூவின் பெயரையும் பறித்த நாளையும் பென்சிலால் எழுதிவிடுங்கள். பூச்சி அரித்த தடம் தெரிந்தால், உறையை நெகிழிப் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஒரு வாரத்துக்குமேல் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையை உடனே பிரிக்காதீர்கள். குளிர் முழுவதும் விட்ட பிறகு திறந்தால்தான் பூவின் மேல் நீர் கோக்காது.