‘மாமா’ என்றால் எந்த மாமா? குழந்தை சாட்சியிடம் பேசும் முறை

‘மாமா வந்தாங்க’ என்றாள் அந்த ஏழு வயதுச் சிறுமி. அம்மாவின் தம்பியைத்தான் சொல்கிறாள் என்று நானாக எடுத்துக்கொண்டு அப்படியே குறித்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே ‘வேன் மாமா’ என்றபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால், என் குறிப்பை நம்பித் தப்பான ஆளைத் தேடிப் போயிருப்பார்கள். பன்னிரண்டு வருடமாகப் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) வழக்குகளில் குழந்தைகளோடு உட்கார்ந்து பேசுகிறேன். அந்த முதல் வருடத்துத் தவறு இன்னும் நினைவில் இருக்கிறது.

என் துறையான தடயவியல் உளவியல் என்றதும் குற்றவாளியின் மனதைப் படிக்கும் வேலை என்று நினைக்கிறார்கள். என் வேலை பெரும்பாலும் வேறு. குழந்தைக்கு நினைவிருப்பது, பெரியவர்களின் கேள்வியால் கலையாமல் நீதிமன்றம் வரை போய்ச் சேர வேண்டும். அந்தப் பொறுப்பு குழந்தை முதலில் நம்பிச் சொன்ன அம்மாவிடமோ டீச்சரிடமோதான் தொடங்குகிறது.

தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை உங்களிடம் ஒரு குழந்தை சொன்னால் விசாரணை செய்யாதீர்கள். ‘என்கிட்ட சொன்னது நல்லது’ என்று சொல்லிவிட்டு, அது பேசி முடிக்கும்வரை கேளுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, விஷயம் தெரிந்த எவரும் போலீஸுக்குத் தெரிவித்தாக வேண்டும். வழி தெரியாவிட்டால் 1098-ஐ அழையுங்கள். அப்புறம், குழந்தை சொன்ன வார்த்தைகளைத் தேதி, நேரம் போட்டு அப்படியே எழுதி வையுங்கள். உடல் உறுப்புக்கு அது சொன்ன வீட்டுப் பெயரை நாகரிகமான சொல்லாக மாற்ற வேண்டாம்.

முறைப்படி பேச உட்காரும்போது, முதலில் ‘தெரியாது’ என்று சொல்லப் பழக்குங்கள். நம் பிள்ளைகளுக்குப் பெரியவர்களிடம் தெரியாது என்று சொல்வது வெட்கம். எதைக் கேட்டாலும் ‘ஆமா’ என்று தலையாட்டும். ‘எங்க வீட்டு நாய் பேரு என்ன, சொல்லு?’ என்று கேட்பேன். அது யோசித்துவிட்டுத் தெரியாது என்றால், ‘சரி, அப்படித்தான் சொல்லணும். நான் தப்பாச் சொன்னாலும் திருத்தணும்’ என்பேன். பிறகு வழக்குக்குச் சம்பந்தமில்லாத ஒரு நாளை, போன பிறந்தநாளையோ திருவிழாவையோ, முதலிலிருந்து கடைசிவரை சொல்லவைப்பேன். நடந்ததைக் கோவையாகச் சொல்ல அது ஒரு பயிற்சி. உளவியலாளர் மைக்கேல் லாம்பும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய நேர்காணல் முறையிலும் இந்தப் படிகள் உண்டு.

அதன்பின் விஷயத்துக்கு வரும்போது, என்னிடம் இருப்பதிலேயே நல்ல கேள்வி ‘அப்புறம்?’ என்பதுதான். அதில் என் ஊகம் எதுவும் ஒளிந்திருக்காது. ‘அவர் உன்னைத் தொட்டார்தானே?’ என்ற கேள்வியிலோ பதிலே இருக்கிறது. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கில் நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம் இப்படித்தான் தூண்டித் தூண்டிக் கேட்டார்கள். 1983-இல் தொடங்கிய அந்த விவகாரம் 1990-இல் ஒருவருக்கும் தண்டனை இல்லாமல் முடிந்தது. அதைக் காட்டிக் குழந்தைகள் பொய் சொல்வார்கள் என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும். அங்கே கோணலாக இருந்தது பெரியவர்களின் கேள்வி.

தமிழுக்கென்றே சில கண்ணிகள் உண்டு. மாமாவும் அண்ணனும் யாராகவும் இருக்கலாம். ‘அவரை வீட்ல மத்தவங்க எப்படிக் கூப்பிடுவாங்க?’ என்று கேளுங்கள். ‘வந்தாங்க’ என்பது அதைவிடச் சிக்கல். மரியாதைக்காக ஒருவரைச் சொல்கிறதா, இரண்டு மூன்று பேரைச் சொல்கிறதா? கேட்டுத் தெளியாமல் எழுதினால் வழக்கில் ஆள் எண்ணிக்கையே மாறிவிடும். அதேபோல ‘எந்தத் தேதி?’ என்று கேட்டுப் பயனில்லை. தீபாவளிக்கு முன்னாலா பின்னாலா, பள்ளி இருந்ததா லீவா என்று கேளுங்கள். ‘எத்தனை தடவை?’ என்பதற்குப் பதிலாக, ஒரு தடவையா பல தடவையா என்று கேட்டு, கடைசியாக நடந்ததை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

‘பொய்யா நிஜமா, பார்த்துச் சொல்லுங்க மேடம்’ என்று அதிகாரிகள் கேட்பது வழக்கம். அதைச் சொல்லும் கருவி என்னிடம் இல்லை. நடந்ததா என்று முடிவு செய்ய வேண்டியது நீதிமன்றம். குழந்தையின் வளர்ச்சி நிலை, காலத்தையும் எண்ணிக்கையையும் அது புரிந்துகொள்ளும் விதம், தூக்கம், பயம் ஆகியவற்றைத்தான் என் அறிக்கையில் எழுதுகிறேன்.

சட்டம் தரும் வசதிகளைக் கேட்டு வாங்குங்கள். வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்பவர் சீருடையில் இருக்கக்கூடாது (24-ஆம் பிரிவு). நீதிமன்றத்தில் வக்கீல்கள் தங்கள் கேள்விகளை நீதிபதியிடம் கொடுக்க, அவர்தான் குழந்தையிடம் கேட்க வேண்டும். அடிக்கடி இடைவேளையும் உண்டு (33). குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படாமல் திரையோ வீடியோ இணைப்போ ஏற்பாடு செய்ய வேண்டும் (36).

சாட்சி சொல்லும் நாளுக்கு முன்பே, அனுமதி வாங்கிக் காலி நீதிமன்ற அறையைக் காட்டுங்கள். நீதிபதி எங்கே உட்காருவார், அம்மா எங்கே இருப்பார், கழிப்பறை எங்கே என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். ஆனால் பதில்களை ஒத்திகை பார்க்காதீர்கள். அன்று காலையில் சாப்பிடவைத்துக் கூட்டிப்போங்கள். பையில் தண்ணீரும் பிஸ்கட்டும் வரைய ஒரு நோட்டும் இருக்கட்டும். பெயர் கூப்பிட மதியம் ஆகிவிடலாம்.