ஓடும்போது தானாக நிற்கும் டிராக்டர்: பம்பில் கை வைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். ரோட்டாவேட்டரை (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) போட்டு அரை மணி நேரம் ஓட்டினால் இழுவை குறைந்து, திணறி, நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டுச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். மறுபடி அரை மணி நேரத்தில் அதே கதை. மெக்கானிக் வந்து பார்க்கும் நேரத்தில் மட்டும் வண்டி நன்றாகவே ஓடும். டிராக்டர் வைத்திருப்பவர்களை இதைவிட அலைக்கழிக்கிற கோளாறு குறைவு.

இதில் பணம் வீணாவது பெரும்பாலும் தேடுகிற முறையால்தான். ஃபில்டர், நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை), பேட்டரி என்று ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். கடைசியில் டீசல் பம்பையும் கழற்றிக் கடைக்கு அனுப்புவார்கள். அதற்குப் பிறகும் வண்டி நிற்கும். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்: வண்டி எப்படி நின்றது?

நின்ற விதத்தைக் கேட்காமல் ஸ்பேனரை எடுப்பது

உரிமையாளரும் மெக்கானிக்கும் பேசி முடிவெடுப்பதற்கு முன், அப்போது சீட்டில் உட்கார்ந்திருந்த டிரைவரைக் கேளுங்கள். பாதி விடை அவரிடம் இருக்கும். சாவியை அணைத்ததுபோல் சட்டென்று நின்றதா, இழுவை குறைந்து மெல்ல நின்றதா? சட்டென்று நின்றால், ஸ்டாப் சோலனாய்டு (மின்சாரத்தால் டீசலை நிறுத்தும் பாகம்) உள்ள வண்டிகளில் முதல் சந்தேகம் அதன்மேல். அதற்குப் போகும் வயர், ஃப்யூஸ், சாவி சுவிட்ச் எல்லாம் அடுத்து. மெல்ல நின்றால் பெரும்பாலும் டீசல் வரத்தில் குறை.

புகையையும் கேட்க வேண்டும். கரும்புகை கக்கி நின்றால் காற்று போதவில்லை, அல்லது சுமை கூடிவிட்டது. ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள். புகையே இல்லாமல் சக்தி இறங்கினால் டீசல் போதவில்லை. விட்டுவிட்டு வெள்ளைப்புகை வந்தால் டீசலில் காற்றோ தண்ணீரோ கலந்திருக்கலாம். வெள்ளைப்புகையோடு ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) பக்கம் போக வேண்டும். சூடாக நின்ற இன்ஜின் செல்ஃபுக்கு இறுக்கமாகச் சுற்றினால் உடனே மறுபடி முயல வேண்டாம். ஆறவிட்டு, தண்ணீரையும் ஆயிலையும் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

டேங்க்கை விட்டுவிட்டுப் பம்பிலிருந்து தொடங்குவது

நான் பார்த்தவரை அதிகம் நடக்கும் தவறு இதுதான். டீசல் டேங்க்கில் தொடங்கி, குழாய், ஃபீட் பம்ப் (டேங்க்கிலிருந்து டீசலை இழுத்துத் தள்ளும் சிறு பம்ப்), ஃபில்டர் வழியாக, நாசிலுக்கு அழுத்தத்தில் டீசல் அனுப்பும் டீசல் பம்ப் எனப்படும் இன்ஜெக்‌ஷன் பம்புக்கு வருகிறது. தேடலும் அதே வழியில் வர வேண்டும். செலவில்லாத சோதனைகள் எல்லாம் டேங்க் பக்கம்தான் இருக்கின்றன.

டேங்க் மூடியில் காற்று போக ஒரு சிறு ஓட்டை இருக்கும். சேறும் தூசியும் அதை அடைத்துவிட்டால், டீசல் இறங்க இறங்க டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி வரத்து குறையும். இழுவை இறங்கத் தொடங்கும்போது மூடியைத் தளர்த்திப் பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போய், இன்ஜின் தெளிந்து ஓடினால் கோளாறு கிடைத்துவிட்டது. மூடியை டீசலில் கழுவி ஊதினால் போதும்.

அடுத்தது டேங்க்குக்குள் கிடக்கும் குப்பை. கேனிலிருந்து ஊற்றும்போது நேரமாகிறது என்று வாயில் இருக்கும் வலையைக் கழற்றிவிடுகிறார்கள். ஒரு இலைத் துண்டோ பிளாஸ்டிக் தாளோ உள்ளே போய்விடுகிறது. இன்ஜின் ஓடும்போது டீசலோடு இழுபட்டு வந்து வெளிவழியில் ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் நின்றதும் விலகி மிதக்கும். பத்து நிமிடத்தில் வண்டி மறுபடி ஓடுவதன் மர்மம் பல நேரம் இவ்வளவுதான். டேங்க் உயரத்தில் இருக்கும் வண்டியில் இதைச் சோதிப்பது எளிது. ஃபீட் பம்புக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு சுத்தமான வாளியில் விடுங்கள். ஐந்து நிமிடமாவது பார்க்க வேண்டும், முதல் பத்து வினாடியைப் பார்த்துவிட்டுத் திருப்தி அடையக் கூடாது. பலமாகத் தொடங்கி நூலாக மெலிந்தால், மூடியைத் திறந்துவிட்டு மறுபடி பாருங்கள். ஓட்டம் பழையபடி வந்து நிலைத்தால் மூடி. அப்போதும் மெலிந்தால் டேங்க்குக்குள் அடைப்பு.

அடைப்பு என்று தெரிந்ததும் கம்ப்ரஸரால் குழாயில் ஊதிவிட்டு முடித்துக்கொள்வது அடுத்த தவறு. ஊதினால் குப்பை மறுபடி டேங்க்குக்குத்தான் போகும். சில நாளில் திரும்பி வரும். டீசலை வடித்து, டேங்க்கைக் கழுவியே ஆக வேண்டும். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியாக இருந்தால், அடியில் தங்கிய தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவில் கிருமியும் பூஞ்சையும் வளர்ந்து கருப்பாகக் கொழகொழவென்று கிடக்கும். இரண்டு முறை ஃபில்டர் மாற்றியும் உடனே அடைத்தால் இதை நினையுங்கள்.

"எங்கேயும் லீக் இல்லை" என்று நம்புவது

ஃபீட் பம்புக்கு முன்னால் உள்ள குழாயில் பம்ப் டீசலை உறிஞ்சுகிறது. அங்கே வாஷர் நசுங்கியிருந்தாலோ ரப்பர் குழாயில் மயிரிழை விரிசல் இருந்தாலோ, டீசல் வெளியே சொட்ட வேண்டும் என்பதில்லை; காற்று உள்ளே போகும். வெளியே உலர்ந்து சுத்தமாக இருக்கும், உள்ளே குமிழி ஓடிக்கொண்டிருக்கும். தற்காலிகமாக ஒரு துண்டு கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயை இடையில் போட்டால் குமிழி கண்ணுக்கே தெரியும். தினமும் ஏர் எடுத்துவிட்டால்தான் (குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றினால்தான்) ஓடுகிறது என்றால், காற்று நுழையும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் விடாதீர்கள். புது ஃபில்டர் போட்ட மறுநாள் தொடங்கிய கோளாறு என்றால் முதலில் அந்த ஃபில்டரின் ரப்பர் ரிங்கைப் பாருங்கள். பழைய ரிங் ஒட்டிக்கொண்டிருக்க அதன்மேல் புதியது உட்கார்ந்திருக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகே டீசல் பம்ப். கழற்றும் முன் பம்பை இன்ஜினோடு பொருத்தும் ஃபிளாஞ்சிலும் இன்ஜின் பாடியிலும் குறி போடாவிட்டால் டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்) தவறிவிடும். பிறகு பழைய கோளாறு எது, புதுக் கோளாறு எது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே நாளில் மூன்று பாகங்களை மாற்றினாலும் இதே குழப்பம்தான். ஒன்றை மாற்றி, சுமை போட்டு ஓட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்தது.

மின்சாரப் பக்கம்

செல்ஃப் சோர்ந்தால் உடனே புது பேட்டரி வாங்குகிறார்கள். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே போகாமல் நின்றால் பேட்டரிமேல் சந்தேகம் குறைவு. பேட்டரியின் நெகட்டிவை வண்டி இரும்போடு இணைக்கும் எர்த் கேபிளைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போதே மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை இன்ஜின் இரும்பிலும் வைத்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் கேபிளைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போகச் சுரண்டிப் போடுங்கள்.

உயிரோடு விளையாடும் தவறுகள்

கீழே நின்றுகொண்டு ஸ்க்ரூடிரைவரால் செல்ஃபை ஷார்ட் செய்து ஸ்டார்ட் செய்யாதீர்கள். கியரில் இருந்தால் ஸ்டார்ட் ஆன கணமே பின்சக்கரம் உங்கள்மேல் ஏறும். கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் நியூட்ரல் சுவிட்ச் தொல்லை கொடுக்கிறது என்று அதை நேரடியாக இணைத்துவிடுவதும் இதே ஆபத்து. பி.டி.ஓ. (பின்னால் கருவிகளைச் சுற்றவைக்கும் தண்டு) சுற்றும்போது குனிந்து பார்க்கக் கூடாது. நாசில் குழாயில் லீக் இருக்கிறதா என்று விரலால் தடவவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். வெளியே குண்டூசிக் குத்துபோல்தான் தெரியும். உடனே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரலாம். லீக்கைப் பார்க்க விரலுக்குப் பதில் ஒரு காகித அட்டையைப் பிடித்துப் பாருங்கள்.

50 ஹெச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் ட்ரெம் 4 மாசு விதி வந்த பிறகு, அந்த அளவில் காமன் ரெயில் இன்ஜின்கள் (எல்லா நாசிலுக்கும் ரெயில் என்ற ஒரே குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் டீசல் போகும் வகை) வரத் தொடங்கியிருக்கின்றன. பழைய பழக்கத்தில், ஓடும்போது நாசில் நட்டைத் தளர்த்தி எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பதை இவற்றில் செய்யவே கூடாது. ரெயிலில் 1,000 பாருக்கும் மேல் அழுத்தம் இருக்கும். டேங்க் மூடி, ஃபில்டர், எர்த் கேபிள் வரை நீங்களே பார்க்கலாம். அதற்கு மேல், கோளாறுக் குறியைப் படிக்கும் கருவி வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள். குறியை அழிப்பதற்கு முன் அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.