ஆண்டவரிடம் சொன்னேன், அவனிடம் சொல்லவில்லை: சுயபரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் சபை வாலிபர்கள் சிலர், படுக்கும் முன் அன்றைய நடத்தையை வசனத்தோடு ஒத்துப்பார்த்து நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். போன வாரம் ஒரு தம்பி தன் நோட்டைக் காட்டினான். "இன்று கோபப்பட்டேன். அறிக்கையிட்டேன். கர்த்தர் மன்னித்தார்."

"யார் மேல கோபம்?"

"அம்மா மேல அண்ணா."

"அம்மாகிட்ட பேசினியா?"

நோட்டை மூடிவிட்டான்.

இருபது வருஷத்துக்கு முன் என் நோட்டும் இப்படித்தான் இருந்தது. ஜெபத்தை விடுவது, ஆராதனைக்குப் போகாதது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அவை தவறென்று எல்லோருக்கும் தெரியும். தவறென்றே தெரியாமல் செய்கிறவைதான் என் கவலை.

எடுத்தவுடன் குற்றம் தேடுவது

1548-ல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அங்கீகரித்த 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில், இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் இந்தச் சுயபரிசோதனைக்கு ஐந்து படிகள் வைத்தார். முதல் படி நன்றி சொல்வது. இரண்டாவது, தன் பாவத்தை அறியக் கிருபை கேட்பது. அன்றைய பொழுதை மணிக்கணக்காகத் துருவிப் பார்ப்பது மூன்றாவதாகத்தான் வருகிறது. முதல் இரண்டையும் தாண்டிக் குதித்தவர்கள் பத்தே நாளில் சோர்ந்துபோய் நோட்டை மூலையில் போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

பொத்தாம்பொதுவாக எழுதுவது

"அன்பில் குறைவுபட்டேன்." யாரிடம்? எந்த வார்த்தையில்?

அடுத்தவரோடு ஒப்பிடுவது

லூக்கா 18-ஐ வாசியுங்கள். ஜெபிக்க வந்த பரிசேயன் சொன்ன உபவாசமும் தசமபாகமும் பொய்யென்று இயேசு சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற ஆயக்காரனைப்போல, அந்த வரி வசூலிப்பவனைப்போல, தான் இல்லை என்று ஒப்பிட்டதில்தான் அவன் தவறினான்.

ஆண்டவரிடம் மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் எனக்கு மனசு எரிகிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், என்னோடு வேலை செய்த ஒரு பையனை நாலு பேர் முன்னால் திட்டினேன். கணக்கு தப்பாகப் போயிருந்தது. சாயங்காலம் பார்த்தால் தப்பு நான் எழுதிக்கொடுத்த தாளில் இருந்தது. அன்று ராத்திரி முழங்காலில் நின்று அழுதேன். பாரம் இறங்கிவிட்டது, நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் அவன் தாளைக் கொண்டுவந்து மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பாராமல் போனான். ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்ற தைரியத்தில் நானும் கூப்பிடவில்லை. அவன் வேறு வேலைக்குப் போய்விட்டான்.

எட்டு மாதம் கழித்து, திருவிருந்துக்கு முன் மத்தேயு 5:23, 24-ஐ வாசித்தார்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிற வசனம். எத்தனையோ முறை கேட்டதுதான். அன்று என்னால் எழுந்து போய் அப்பத்தை வாங்க முடியவில்லை. நம்பரைத் தேடிப்பிடித்துப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டான்: "அந்த நாலு பேருக்கும் இது தெரியுமா அண்ணா?"

தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை அவன் இன்னும் கணக்கைக் கெடுத்தவன்தான். நாலு பேரிடமும் தனித்தனியாகப் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அந்த அலுவலகத்தில் நான் பட்ட பெரிய அவமானம் அதுதான். ஆனால் எட்டு மாதமாக அதைச் சுமந்தவன் அவன்.

இதைச் சொன்னால் உடனே சங்கீதம் 51-ஐ எடுப்பார்கள். "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்று தாவீதே சொல்லியிருக்கிறாரே என்பார்கள். யாருடைய மனைவியை எடுத்துக்கொண்டாரோ அந்த உரியாவிடம் தாவீது போய் மன்னிப்புக் கேட்க முடியுமா? அவனைச் சாகக் கொடுத்தாயிற்று. நாம் புண்படுத்தியவர் அடுத்த அறையில் உயிரோடு இருக்கிறார். எண்ணாகமம் 5:7, பாவத்தை அறிக்கையிடுவதோடு நிற்கவில்லை. அபகரித்த முதலையும் அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்து உரியவரிடம் கொடுக்கச் சொல்கிறது. கிருபையால் மன்னிப்புப் பெற்றவன் இதைச் செய்யாமல் இருக்க என்ன நியாயம்?

ஒரு எச்சரிப்பு: மன்னிப்புக் கேட்கப் போகும்போது விளக்கம் கொண்டுபோகாதீர்கள். "அன்னைக்கு எனக்கு உடம்பு சரியில்லை" என்று ஆரம்பித்தால் பாதிப் பழி எதிரில் இருப்பவர் தலையில் விழுந்துவிடும். அவர் மன்னிக்காமல் போனால் அது அவர் உரிமை. வசனத்தைக் காட்டி அவசரப்படுத்தாதீர்கள்.

கண்ணீரை அளவுகோலாக வைப்பது

அழுகை வராத நாளிலும் எழுதுங்கள்.

வீட்டாரைக் கேட்காமல் இருப்பது

சில வருஷத்துக்கு முன் என் மனைவியிடம், "என் நடத்தையில் விசுவாசத்துக்குப் பொருந்தாதது எது?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "போன்ல 'ஸ்தோத்திரம் பிரதர்'னு சொல்ற குரல் ஒண்ணு. போனை வச்சதும் பிள்ளைங்ககிட்ட பேசுற குரல் வேற" என்றாள். அத்தனை வருஷ நோட்டுகளில் அந்தக் குரலைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.