லினக்ஸ் நிறுவியதும் வைஃபை காணவில்லையா? முதலில் சிப்பின் பெயரைக் கண்டுபிடியுங்கள்

லினக்ஸ் நிறுவி முடித்து டெஸ்க்டாப் வந்ததும் கண் முதலில் போவது திரை மூலையில் உள்ள வைஃபை குறியைத் தேடித்தான். சிலருக்கு அது இருக்காது. டிரைவர், அதாவது வைஃபை கருவியை ஓட்டும் மென்பொருளை இறக்க இணையம் வேண்டும், இணையம் வர டிரைவர் வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் வெறுத்துப்போய் விண்டோஸுக்கே திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள், பெரும்பாலும் வழி இருக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் லேப்டாப்பில் இருக்கும் வைஃபை சிப் எது என்று தெரியும்வரை எதையும் இறக்கி நிறுவாதீர்கள். யாரோ எங்கோ எழுதிய பத்துக் கட்டளைகளை வரிசையாக ஒட்டுவதால்தான் சின்னச் சிக்கல் பெரிதாகிறது.

பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள்

என் அக்கா மகன் வைஃபை வரவில்லை என்று இரண்டு முறை லினக்ஸை அழித்து நிறுவினான். கடைசியில் பார்த்தால் விசைப்பலகையில் விமானப் படம் போட்ட பொத்தான் அழுந்தியிருந்தது, அவ்வளவுதான். டிரைவரில் ஒரு குறையும் இல்லை.

அதனால் டெர்மினலை (கட்டளைகளைத் தட்டும் சாளரத்தை) திறந்து "ஆர்எஃப்கில் லிஸ்ட்" என்று கொடுங்கள். இங்கே கட்டளைகளை ஒலிப்பு முறையில் எழுதுகிறேன், தட்டும்போது எல்லாமே ஆங்கிலச் சிறிய எழுத்துகள். முதல் சொல்லின் எழுத்துகள் ஆர், எஃப், கே, ஐ, எல், எல். "சாஃப்ட் பிளாக்டு" என்ற வரியில் "எஸ்" (ஆம் என்னும் ஆங்கிலச் சொல்) என்று வந்தால் மென்பொருள் பூட்டியிருக்கிறது. "ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல்" என்று கொடுத்தால் திறந்துவிடும். "ஹார்டு பிளாக்டு" என்பதில் "எஸ்" வந்தால் கட்டளையால் ஆகாது, லேப்டாப்பின் பொத்தானையோ ஓரத்தில் உள்ள சுவிட்சையோதான் மாற்ற வேண்டும். பட்டியலில் வயர்லெஸ் லேன் என்ற பேச்சே இல்லையென்றால் டிரைவர் சிக்கலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். தொடர்ந்து படியுங்கள்.

சிப்பின் பெயர்

டெர்மினலில் எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து எழுத்துகளைச் சேர்த்துத் தட்டி, ஒரு இடைவெளி விட்டு, சிறு கோடு போட்டு, அதை ஒட்டி கே என்ற எழுத்தைத் தட்டுங்கள். லேப்டாப்பின் உள்ளே இருக்கும் கருவிகளெல்லாம் நீளமாக வரும். பயப்பட வேண்டாம், "நெட்வொர்க் கன்ட்ரோலர்" என்று தொடங்கும் வரி மட்டும் போதும். "ஈதர்நெட் கன்ட்ரோலர்" என்று இன்னொன்று இருக்கும். அது கேபிள் செருகும் துளைக்கானது. பலர் அதைப் பார்த்துவிட்டுத் தவறான டிரைவரைத் தேடுகிறார்கள்.

வைஃபை வரியில் பிராட்காம், ரியல்டெக், இன்டெல், மீடியாடெக் போன்ற ஒரு பெயரும், கூடவே ஒரு எண்ணும் இருக்கும். அப்படியே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே "கெர்னல் டிரைவர் இன் யூஸ்" என்ற வரி இல்லையென்றால், சிப் இருக்கிறது, அதை ஓட்ட ஆள் இல்லை என்று பொருள். யுஎஸ்பி வைஃபை செருகி என்றால் எல், எஸ், யு, எஸ், பி என்று தட்டிப் பார்க்க வேண்டும்.

போன் கேபிளில் இணையம்

இணையம் இல்லாமல் எப்படி இறக்குவது என்ற கேள்விக்கு எளிய பதில் உங்கள் போன்தான். ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் இணைத்து, போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குள் யுஎஸ்பி டெதரிங் என்பதை ஆன் செய்யுங்கள். லினக்ஸ் இதைக் கம்பிவழி இணைப்பாக எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் தேவையில்லை. போன் வைஃபையில் இருக்கும்போதும் இது வேலை செய்யும், மொபைல் டேட்டா செலவாகாது. சில கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், டேட்டா கடத்தாது. டெதரிங் பொத்தான் மங்கலாகவே இருந்தால் முதலில் கேபிளை மாற்றுங்கள்.

டிரைவரை இயக்குவது

உபுண்டு என்றால் "சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்" திறந்து "அடிஷனல் டிரைவர்ஸ்" தாவலுக்குப் போங்கள். லினக்ஸ் மின்ட் என்றால் மெனுவில் "டிரைவர் மேனேஜர்". சிறிது நேரம் தேடிவிட்டு, உங்கள் சிப்புக்கு ஏற்ற டிரைவர் இருந்தால் காட்டும். தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்ட் கொடுத்து, முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். மின்ட்டில் ஒரு வசதி உண்டு: இணையமே இல்லாவிட்டாலும், நிறுவப் பயன்படுத்திய பென்டிரைவைச் செருகினால் அதிலிருந்தே டிரைவரை எடுத்துக்கொள்ளும்.

பழைய லேப்டாப்களில் அடிக்கடி வரும் பிராட்காம் பிசிஎம்43142 சிப்புக்குப் பெரும்பாலும் இந்த ஒரு படியே போதும். ஆனால் அந்தச் சிப் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறியும். ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கான, 5ஜி என்று முடியும் பெயர் பட்டியலில் வராததைப் பார்த்து டிரைவர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

ரியல்டெக் ஆர்டிஎல்8821சிஇ வேறு மாதிரி. அதற்கான டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே சேர்ந்தது 2020-இல் வந்த 5.9 பதிப்பில்தான். உபுண்டு 20.04 முதலில் வந்தது 5.4 கெர்னலோடு. அதில் மல்லுக்கட்டுவதைவிடப் புதிய பதிப்பை நிறுவுவதே மேல், 24.04 வந்ததே 6.8 கெர்னலோடு. மின்ட்டில் அப்டேட் மேனேஜரின் வியூ மெனுவில் "லினக்ஸ் கெர்னல்ஸ்" என்ற இடத்திலிருந்தும் புதிய கெர்னலைப் போடலாம்.

டெபியன்காரர்களுக்கு ஒரு சொல். கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரை (சிப்புக்குள் ஏற்றப்படும் சிறு மென்பொருளை) நிறுவியிலேயே சேர்ப்பது என்று டெபியன் குழு வாக்கெடுத்து முடிவு செய்தது 2022-இல். அப்படி வந்த முதல் பதிப்பு 2023 ஜூனில் வெளியான டெபியன் 12. அதற்கு முந்தைய சாதாரண ஐஎஸ்ஓவை (நிறுவும் கோப்பை) வைத்திருந்தால் இன்டெல் வைஃபைகூட வராமல் போகலாம். புதியதை இறக்குங்கள்.

அந்த நீலத் திரை

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) ஆன் ஆகியிருக்கும் லேப்டாப்பில் பிராட்காம் போன்ற வெளி டிரைவரைப் போடும்போது புதிதாக ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லும். எட்டு எழுத்துக்குக் குறையாமல், எளிதாக ஒன்று வைத்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் செய்ததும் நீலத் திரை ஒன்று வந்து பத்து விநாடி காத்திருக்கும். ஏதோ பிழை என்று நினைத்து விட்டுவிட்டால் லினக்ஸ் வழக்கம்போலத் திறக்கும், வைஃபை மட்டும் வராது.

அந்த விநாடிகளுக்குள் ஏதாவது விசையை அழுத்துங்கள். "என்ரோல் எம்ஓகே", "கன்டினியூ", "எஸ்" என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்து, குறித்துவைத்த பாஸ்வேர்டைக் கொடுத்து, ரீபூட் செய்யுங்கள். இந்த டிரைவரை நான் நம்புகிறேன் என்று லேப்டாப்புக்கு நீங்கள் ஒப்புதல் தருகிறீர்கள். தவறவிட்டால் டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பாருங்கள். செக்யூர் பூட்டையே அணைத்துவிடு என்று பலர் சொல்வார்கள். அதுவும் வேலை செய்யும்தான், ஆனால் ஒரு பாதுகாப்பை இழக்கிறீர்கள். பத்து விநாடி கவனம் போதும் என்னும்போது அது எதற்கு?

இன்னும் இரண்டு

விண்டோஸும் கூடவே இருந்தால் அதன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணையுங்கள். அது ஆன் ஆகியிருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாது. வைஃபை கருவியை அரைகுறை நிலையில் விட்டுப்போவதால் சில லேப்டாப்களில் லினக்ஸுக்கு அது கிடைப்பதில்லை.

எல்லாம் சரியாகி, சில மாதம் கழித்து ஒரு அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை மறுபடி காணாமல் போகலாம். பிராட்காமின் அந்த டிரைவர் ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் உங்கள் லேப்டாப்பிலேயே மறுபடி கட்டப்பட வேண்டும், சிலசமயம் அது நடக்காது. கணினி தொடங்கும்போது வரும் க்ரப் மெனுவில் (எதைத் தொடங்குவது என்று கேட்கும் பட்டியலில்) "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். மெனு தெரியவில்லையென்றால் தொடங்கும்போது எஸ்கேப் விசையை ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். வைஃபை வந்ததும் அப்டேட் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் புதிய கெர்னலை மறுபடி முயன்று பாருங்கள்.