ஓ-யூ-ஜி-ஹெச் சொற்கள்: எழுத்துப்பிழையும் பொருள் குழப்பமும் இல்லாமல் கற்பது எப்படி

டஃப், தோ, த்ரூ, தரோ, தாட். இந்த ஐந்து ஆங்கிலச் சொற்களிலும் ஓ, யூ, ஜி, ஹெச் என்ற நான்கு எழுத்துகள் அதே வரிசையில் வருகின்றன. ஓசையும் பொருளும் மட்டும் வேறு வேறு. ஓர் எழுத்து விடுபட்டாலும் கிடைப்பது இன்னொரு சரியான சொல்லாகவே இருப்பதால், கணினியின் எழுத்துப்பிழை திருத்தி பல நேரம் சிவப்புக் கோடு போடாது. நம் கண்தான் பிடிக்க வேண்டும்.

முதலில் ஒரு தாளில் டஃப் என்பதை எழுதுங்கள்: டி, ஓ, யூ, ஜி, ஹெச். மொத்தம் 5 எழுத்து. பொருள், கடினமான, உறுதியான. டி-க்கு அடுத்து ஒரு ஹெச் சேர்த்தால் 6 எழுத்தில் தோ: ‘இருந்தாலும்’. அந்த ஹெச்சுக்கு அடுத்து ஆர் சேர்த்தால் 7 எழுத்தில் த்ரூ: ‘வழியாக, ஊடாக’. ஆர்-க்கு முன்னால் ஓர் ஓ சேர்த்தால் 8 எழுத்தில் தரோ: ‘முழுமையான, ஒன்றையும் விடாத’. பிரிட்டிஷ் உச்சரிப்பில் இதன் கடைசி ஓசை மங்கி ‘தரா’ என்று ஒலிக்கும். தோ-வின் கடைசியில் டி சேர்த்தால் தாட்: எண்ணம், நினைத்தேன். இந்த ஏணியைப் பார்க்காமல் எழுத வரும்வரை அடுத்த சொற்களுக்குப் போக வேண்டாம். அடித்தளம் இதுதான்.

அதிகம் தடுமாற வைப்பது த்ரூவும் தரோவும். இரண்டும் பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருந்து பிரிந்தவை. ஒன்றன் ஊடே இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போனால் அது முழுமையாகிவிடுகிறது அல்லவா? அந்தத் தொடர்பைப் பிடித்துக்கொண்டால் இரண்டும் மறக்காது. ‘அறிக்கையைப் படித்துப் பார்த்தேன்’ என்பதற்கு ‘வென்ட் த்ரூ’. ‘ஒன்றுவிடாமல் சோதித்தேன்’ என்பதற்கு ‘தரோ செக்’. தோ வாக்கியத்தின் கடைசியிலும் வரலாம். அதே பொருளுள்ள ஆல்தோ அங்கே வராது.

மற்ற சொற்களை ஓசைவாரியாகப் பிரித்துப் படியுங்கள், அகரவரிசையில் வேண்டாம். டஃப் போல ‘அஃப்’ என்று முடிபவை ரஃப் (சொரசொரப்பு), இனஃப் (போதும்). பாம்பு சட்டை உரிப்பதைச் சொல்லும் ஸ்லஃப்பும் இந்த வீட்டுப் பிள்ளைதான். ‘ஆஃப்’ என்று முடிபவை காஃப் (இருமல்), ட்ராஃப் (மாட்டுக்குத் தீவனமோ தண்ணீரோ வைக்கும் நீளத் தொட்டி). ‘ஓ’ ஓசைக்கு டோ, அதாவது பிசைந்த மாவு. ‘ஔ’ ஓசைக்குப் பௌ (மரக்கிளை), ப்ளௌ (ஏர்). ட்ரௌட் என்றால் வறட்சி. இதை ‘ட்ராட்’ என்பது நம்மிடையே பரவலான தவறு.

இவ்வளவு குளறுபடிக்குக் காரணம் உண்டு. ஜி-ஹெச் ஒரு காலத்தில் தொண்டையிலிருந்து உரசி வரும் ஓர் ஓசையைக் குறித்தது. ஜெர்மனில் இன்றும் அது உயிரோடு இருக்கிறது. ஆங்கிலத்தில் சில சொற்களில் அது மறைந்தது, சிலவற்றில் ஃப் ஆனது. 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்துக்கு அச்சகத்தைக் கொண்டுவந்தபின் எழுத்துகள் மெல்ல மெல்ல உறைந்துபோயின. ஓசை மட்டும் மாறிக்கொண்டே போனது. அதனால் எழுத்தைப் பார்த்து ஓசையை ஊகிக்க முயலாதீர்கள். அகராதியில் கேட்டு, ஓசையையும் பொருளையும் சேர்த்தே மனத்தில் பதியுங்கள்.

கடைசியில் டி சேரும் சொற்களில் மட்டும் நிம்மதி. ட்ரௌட்டைத் தவிர மற்றவை ‘ஆட்’ என்றே ஒலிக்கும். பெரும்பாலானவை இறந்தகால வினைகள்: பை-க்கு பாட் (வாங்கினான்), ப்ரிங்-க்கு ப்ராட் (கொண்டுவந்தான்), திங்க்-க்கு தாட், ஃபைட்-க்கு ஃபாட் (சண்டையிட்டான்), ஸீக்-க்கு ஸாட் (தேடினான்). பாட், ப்ராட் இரண்டையும் மாற்றி எழுதுவது வழக்கமான பிழை. ப்ரிங்கில் ஆர் இருக்கிறது, எனவே ப்ராட்டிலும் ஆர். பை-யில் இல்லை, பாட்டிலும் இல்லை. ஆட் என்ற சொல் மட்டும் ‘செய்ய வேண்டும்’ என்ற கடமையைச் சொல்வது. அதற்குப் பின் டு கட்டாயம் வரும்.

கேட்ச், டீச் இரண்டின் இறந்தகாலமும் இதே ஓசையில் முடிந்தாலும் அவற்றில் ஓ கிடையாது, ஏ-யூ-ஜி-ஹெச்-டி. அடிச்சொல்லில் ஏ இருந்தால் இறந்தகாலத்திலும் ஏ என்று பாருங்கள்: கேட்ச், டீச் இரண்டிலும் ஏ உண்டு, மேலே சொன்ன ஐந்து வினைகளிலும் இல்லை. தாட், டாட் இரண்டையும் பேச்சில் ஒரே மாதிரி சொல்லிவிடுகிறோம். முதலாவதற்கு நாக்கு நுனி மேல்பல்லைத் தொட்டுக் காற்று கசிய வேண்டும்; இரண்டாவதற்குப் பல்லுக்குச் சற்று மேலே, ஈறில் தட்ட வேண்டும். கவனிக்காவிட்டால் ‘நினைத்தேன்’ என்பது ‘கற்பித்தேன்’ ஆகிவிடும்.

பயிற்சிக்குத் தனிச்சொல் பட்டியல் உதவாது. ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ் வாக்கியம் எழுதிவைத்து, அதை ஒருவர் படிக்க, மற்றவர் ஆங்கிலத்தில் முழு வாக்கியமாக எழுதட்டும். ஒரு அமர்வுக்கு ஆறு வாக்கியம் போதும். அதில் குறைந்தது இரண்டு வாக்கியங்கள் முந்தைய நாள் பிழையாக எழுதியவையாக இருக்கட்டும். திருத்தும்போது ஆர் இருக்கிறதா, ஹெச் எத்தனை, கடைசியில் டி உண்டா என்ற மூன்றையும் விரல் வைத்துப் பாருங்கள்.